தலைவர் பாடிய குப்பை வண்டிப் பாட்டு

வாருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். அந்த முக்காலிக்கு ஒரு கால் ஆடும். சுவரோடு சாய்த்துப் போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது. தர்ப்பூசணி விதை வறுத்து வைத்திருக்கிறேன், கொறித்துக்கொண்டே கேட்கலாம். தோலை மட்டும் இந்தக் கிண்ணத்தில் போடுங்கள், கண்ணுகளா. எங்கள் சந்தில் குப்பை என்பது லேசான விஷயம் இல்லை. ஏன் என்று கதை முடிவதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். செத்து ஒரு வருஷம் ஆன என் பக்கத்து வீட்டுக்காரி, தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பூசாரியையும் தெருவில் ஓட வைத்த கதை இது. நான் அங்கேயே இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. இருக்கட்டும், அதற்கும் வருகிறேன்.

அவள் பெயர் போங்யோ. அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைக்குக் காத்திருந்த வீட்டில் பெண் பிறந்தால் வைக்கிற பெயர். ‘வந்தது வந்துவிட்டது, வளர்த்துத் தொலைப்போம்’ என்று பொருள். வேறு யாருக்காவது அந்தப் பெயர் இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் குனிந்தே நடந்திருப்பாள். இவளோ புதிதாகப் பார்க்கிறவர்களிடம் அதையே முதலில் சொல்வாள்: “வளக்கிற வேலைய எங்கப்பன் பாத்தான். தொலைக்கிற வேலைய நான் பாத்துக்கிட்டேன்.”

தாய்னான் ஊரில், கடல்தேவி கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில்தான் எங்கள் இரண்டு வீடும். நடுவே ஒரே சுவர். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், அதனால் நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னை ஆசாய் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், கோபம் வந்தால் ‘அடியே சுவத்துக்கு அந்தப்பக்கம்’ என்பாள்.

அவளிடம் இரண்டு குணம் உண்டு. ஒன்று, யார் செய்ததையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். மூத்த மருமகள் ஜின்யே இஞ்சி போட்டு வைக்கிற பால்மீன் சூப்புக்கு எங்கள் சந்தில் பாதிப் பேர் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். போங்யோ ஒரு வாய் குடித்துவிட்டு, கூரையைப் பார்த்து, “விழுங்க முடியுது” என்பாள். அவ்வளவுதான். ஜின்யே அந்த வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு மேலே ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்ததில்லை. ஆனால் மத்தியானத்தில் வீட்டில் யாரும் இல்லாத நேரம், மீதிச் சூப்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு பின்பக்கச் சுவரோரம் வந்து, என் ஜன்னலுக்கு முன்னாலேயே நின்று, அகப்பையால் குடிப்பாள். “என்னக்கா, விழுங்க முடியுதா?” என்று நான் கேட்டால், “வாய மூடு. அவ கேட்டா உப்பக் கொறச்சிருவா” என்பாள். இதை நான் உங்களுக்கு மட்டும்தான் சொல்கிறேன்.

இரண்டாவது குணம், மனிதர்கள் ஓடுவதைப் பார்ப்பதில் அவளுக்கு இருந்த ஆசை.

எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு சந்து முனைக்கு வரும். பாட்டுக் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய் நம் கையாலேயே எறிய வேண்டும். வண்டி நிற்கிற நேரம் ஒரு தும்மல் நேரம்தான். விட்டுவிட்டால் அன்றைய மீன் தலை உங்களோடுதான் குடும்பம் நடத்தும். அதனால் அந்தப் பாட்டு காதில் விழுந்தால் எங்களுக்கு யோசனை ஓடாது, கால்தான் ஓடும்.

போங்யோ ஒரு மைனா வளர்த்தாள். ஓயாமல் பேசும், ஒரு வேலையும் செய்யாது என்பதால் அதற்குத் தலைவர் என்று பெயர் வைத்தாள். எங்கள் வட்டத் தலைவர் தேர்தல் சமயம் கும்பிடு போட்டுக்கொண்டு வரும்போது, “தலைவருக்கு வயித்துப்போக்கு, கூண்டக் கழுவிக்கிட்டு இருக்கேன், அப்பறம் வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

அந்த மைனாவுக்கு அவள் குப்பை வண்டிப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு விலா வலிக்கிறது. மத்தியானம் மூன்று மணி. பாட்டுக் கேட்டது. சந்தே கிளம்பியது. முடிதிருத்துகிறவர் கையில் கத்தியோடும் பையோடும் ஓட, பாதித் தாடி மழித்த ஆள், “ஏய், மீதி என்னாச்சு” என்று பின்னாலேயே ஓடினார். நான் தலையில் சோப்பு நுரையோடு நின்றேன். முனையில் வண்டியைக் காணோம், ஒரு நாய்தான் படுத்திருந்தது. திரும்பி வந்தால், போங்யோ தன் வாசலில் நாற்காலி போட்டு, தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டிருந்தாள்.

“என்ன எல்லாரும் சேந்து? கோயில் ஊர்வலமா? சாமியக் காணமே” என்றாள்.

கொஞ்ச நாளில் மைனாதான் பாடுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? பாட்டுக் கேட்டதும் ‘பறவையாக இருக்கும்’ என்று உட்கார்ந்தால் வண்டி போய்விடும். ‘வண்டியாக இருக்கும்’ என்று ஓடினால் போங்யோ தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். ஓடுவதே மேல் என்று சந்து முடிவு செய்தது. எப்போது பாட வைப்பாள், எப்படிப் பாட வைப்பாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் பின்பக்க ஜன்னல் அவள் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஒரு துண்டுப் பப்பாளியை அதன் கண்ணில் காட்டினால் போதும், பாட்டு முழுவதையும் பாடிவிட்டு வாயைத் திறக்கும்.

“ஆசாய், இத வெளிய சொன்னே,” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், “நீ குளிக்கறப்ப பாடுற பாட்டையும் இவனுக்குச் சொல்லிக் குடுத்துருவேன்.”

நான் யாரிடமும் சொல்லவில்லை.

எண்பத்தேழு வயதில் போங்யோ போய்ச் சேர்ந்தாள். கடைசி மழைக்காலம் முழுவதும் படுக்கை. ஜின்யேதான் குளிப்பாட்டினாள், புரட்டிப் போட்டாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கிழவி, “தண்ணி சூடு பத்தல” என்றோ “சூடு ஜாஸ்தி” என்றோ சொன்னாளே தவிர, சரியாக இருக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. இவளும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். “அம்மா, இப்ப சரியா இருக்கா?” சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே வாய் வரை வரும், ஆமாம் என்று ஒரு தரம் நான் சொல்லிவிடலாமா என்று.

போனபிறகும் கிழவி மாறவில்லை. படையல் வைத்தால் போனவர் சாப்பிட்டு முடித்தாரா என்று பிறைக்கட்டை போட்டுக் கேட்டுத்தான் தட்டை எடுக்க வேண்டும். சிவப்புச் சாயம் பூசின இரண்டு மூங்கில் துண்டுகள், பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. ஒன்று தட்டை, ஒன்று உருண்டை என்று விழுந்தால் ‘ஆமாம்’. இரண்டும் உருண்டை என்றால் ‘இல்லை’. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே வந்து தொட்டில் போல ஆடினால் அவர் சிரிக்கிறார் என்று அர்த்தம். போங்யோ சிரித்தாள். ஏழாம் நாளும் சிரித்தாள், நூறாம் நாளும் சிரித்தாள். ஜின்யே சூப்பைச் சூடு பண்ணி வைப்பாள், திரும்பச் சிரிப்பு. கடைசியில், “அக்காவுக்குக் கறுப்புச் சோடால உப்புப் போட்டுக் குடிக்கப் பிடிக்குமே” என்று நான் ஞாபகப்படுத்தி, அதை வைத்தபிறகுதான் ஒரு ‘ஆமாம்’ விழுந்தது. ஜின்யே அதைக் கேட்டு முகம் சுருங்கிப் போனாள். “சோடாவுக்குச் சொல்றாங்க, என் சூப்புக்குச் சொல்லல” என்றாள்.

இப்படியே வருஷ நாள் வந்தது.

வருஷ நாள் என்றால் சின்ன விஷயம் இல்லை. அதுவரை போனவளுக்கு என்று தனியாக ஒரு ஊதுவத்திக் கிண்ணம் இருக்கும். அன்றைக்கு அதன் சாம்பலில் ஒரு பிடி எடுத்து வீட்டுப் பெரிய கிண்ணத்தில் கலக்க வேண்டும். பிறகு அவள் புருஷன், மாமனார், மாமியார் எல்லாரோடும் ஒரே மாடத்தில் உட்கார்ந்துகொள்வாள். அதற்கு அவள் சம்மதம் வேண்டும், அதுவும் மூன்று முறை தொடர்ந்து ‘ஆமாம்’.

இந்த நேரத்தில்தான் சின்ன மகன் பிங்யுவான் தலைநகர் தைப்பேயிலிருந்து வந்து இறங்கினான். பளபளவென்று ஒரு கைப்பெட்டி. அதிலிருந்து மெத்தென்று துணி வைத்துத் தைத்த ஒரு புதுப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். தன் தாயின் கிண்ணத்தைக் கொண்டுபோக.

“அண்ணி, நான் தப்பா சொல்லல,” என்றான் ஜின்யேயிடம். “வருஷம் பூரா அம்மா உங்க கையால ஒழுங்கா ஒரு வேளை ஏத்துக்கல. அவங்களுக்கு இங்க இருக்க மனசில்ல. இன்னிக்கும் ஆமாம்னு சொல்லலன்னா நான் தைப்பேக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்க கோயில்ல நல்ல மாடம் பாத்து வச்சிருக்கேன். ஏசி இருக்கு.”

ஜின்யே அடுப்படிக்குள் போய்ச் சூப்பைக் கிளறினாள். அது கிளற வேண்டிய சூப்பு இல்லை.

மூத்தவன் சுன்மூ, ஜின்யேயின் புருஷன், சாது. “அம்மா சொல்றபடி” என்றான்.

போங்யோ தைப்பேக்குப் போய்விட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோடு சண்டை போடுவது? அதைவிட, ஜின்யே. இத்தனை வருஷம் ஒரு ‘ஆமாம்’ கிடைக்காமல் போனதோடு, அந்த ஆளையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவள் இனி யாரிடம் கேட்பாள்?

சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். பூசாரி, அவர் பெயர் கோ, மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு மணியை ஆட்டினார். கெட்டிக்காரர்தான், ஆனால் அன்றைக்கு வேறு ஊரில் இன்னொரு வீடு ஒப்புக்கொண்டிருந்தார். வந்த ஸ்கூட்டரைச் சந்து முனையில் குறுக்கே விட்டுவிட்டு வந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மேசையில் பால்மீன் சூப்பு, வறுத்த கோழி, இறால், ஒட்டரிசிச் சோறு, பழம், உப்புப் போட்ட கறுப்புச் சோடா. மேலே போங்யோவின் படம். அந்தப் படத்துக்கு அவள் சிரிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். கண் மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது.

சுன்மூ முழங்கால் போட்டு, “அம்மா, அப்பா பக்கத்துல போய் உக்காந்துக்கறியா?” என்று கேட்டுக் கட்டையைப் போட்டான்.

சிரிப்பு.

திரும்பப் போட்டான். சிரிப்பு.

“ஏதாவது குறை இருக்கும். விசாரிச்சுக் கேளுங்க” என்றார் கோ.

“அம்மா, உன் தையல் மிஷின வித்துட்டேன்னு கோவமா?” சிரிப்பு. “மாடி ஒழுகுதே, அதுவா?” இரண்டும் உருண்டை, இல்லை. “அப்பா பக்கத்துல உக்கார இஷ்டமில்லையா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். கட்டை ரொம்ப நேரம் ஆடி ஆடிச் சிரித்தது.

“நகருண்ணா,” என்று பிங்யுவான் முன்னால் வந்தான். “அம்மா, எங்கூட தைப்பே வர்றியா?”

சிரிப்பு.

“யோசிக்கறாங்க” என்றான்.

“யோசிக்கல, சிரிக்கறாங்க” என்றார் கோ.

“ஏசி இருக்கும்மா” என்று சொல்லி இன்னொரு தரம் போட்டான். ஒரு கட்டை எகிறி அவன் காலுறைக்குள் விழுந்தது. அது எந்தக் கணக்கிலும் சேராது என்று கோ சொல்லிவிட்டார்.

கோ கடிகாரத்தைப் பார்த்தார். மணியை ஆட்டினார். இன்னும் ஒரு சுற்று மந்திரம் சொன்னார். கட்டை சிரித்தது. பிங்யுவான் அந்தத் துணி வைத்த பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தான். ஜின்யே அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சூப்புக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னும் கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டாரவா?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

நான் படத்தைப் பார்த்தேன். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். சந்து முழுக்க ஓடிப் போய் வெறுங்கையாகத் திரும்பி வரும்போது, கோப்பைக்கு மேலே தெரிகிற கண். ‘கிழவிக்குச் சாப்பாட்டில் குறை இல்லை, கூத்தில்தான் குறை’ என்று எனக்குத் தோன்றியது. வருஷம் பூராவும் இந்த வீட்டில் அழுகையும் மணியோசையும்தான். ஒருத்தரையும் ஓட விடவில்லை. வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவளுக்கு இது எப்படிப் போதும்?

மைனாவும் ஒரு வருஷமாகப் பாடவில்லை. துக்கத்தில் வாய் மூடிக்கொண்டது என்று சந்தே உருகியது. வட்டத் தலைவர்கூட வந்து பார்த்துவிட்டு, வாயில்லா ஜீவனுக்கு இருக்கிற விசுவாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துக்கமாவது ஒன்றாவது. பப்பாளி தின்றால் அதற்கு வயிறு இளகுகிறது என்று ஜின்யே கடையில் விற்கிற உருண்டைத் தீனிக்கு மாற்றிவிட்டாள், அதுதான் விஷயம். எனக்குத் தெரிந்திருந்தும் நான் பேசாமல் இருந்தேன். துக்க வீட்டில் வருஷம் திரும்புகிற வரை சிரிப்பு மூட்ட வேண்டாம் என்று இருந்தேன். இன்றோடு வருஷம் திரும்பிவிட்டதே.

“முட்டி வலிக்குது, கொஞ்சம் காலாற நடந்துட்டு வர்றேன்” என்று எழுந்தேன்.

“போங்க சின்னம்மா, மெதுவா” என்றான் சுன்மூ. நல்ல பிள்ளை.

நேரே என் வீட்டுக்குப் போனேன். படையலில் இருக்கிற பழத்தை அவள் முடிக்காமல் நாம் தொடக் கூடாது. என் அடுப்படியில் ஒரு பப்பாளி இருந்தது. நன்றாகப் பழுத்த பக்கமாக ஒரு கீற்று வெட்டி, பின்பக்க ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன். மைனா தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு வருஷமாகப் பார்க்காத பழைய கூட்டாளியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது.

பாடியது பாருங்கள். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. நடுவே வண்டியின் ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரக்குமே, அந்தக் கரகரப்பையும் விடவில்லை.

நான் பழத்தைக் கூண்டுக்குள் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். முட்டி வலி எங்கே போயிற்றோ தெரியாது.

அந்த வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. முதலில் சுன்மூ, இரண்டு கையிலும் கறுப்புப் பை. அவனுக்குப் பின்னால் ஜின்யே, மீன் தலையும் இஞ்சித் தோலும் நிறைந்த கழிவு வாளியோடு. அவளை முந்திக்கொண்டு பிங்யுவான். பூவும் பழமும் சுற்றி வந்த காகிதத்தையெல்லாம் மார்போடு அணைத்திருந்தான், கழுத்துப்பட்டி தோளுக்குப் பின்னால் பறந்தது. தைப்பேக்காரனுக்கும் கால் அதே கால்தானே. கடைசியாகப் பூசாரி கோ, மஞ்சள் அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்போடு, “என் ஸ்கூட்டரு, என் ஸ்கூட்டரு, வண்டி இடிச்சிரும்” என்று ஓடினார். மணி இன்னும் கையில் இருந்தது. ஓட ஓட அது தானாக அடித்தது. எதிர்வீடு, பக்கத்துவீடு, முடிதிருத்துகிறவர், எல்லாரும் பையோடு பின்னால்.

முனையில் ஸ்கூட்டர் நின்றது. நாய் படுத்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

நான் போங்யோவின் வாசலுக்குப் போய், அவளுடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கோப்பை இல்லாததுதான் குறை. அவர்கள் திரும்பி வந்தார்கள்.

“என்ன எல்லாரும் சேந்து?” என்றேன். “கோயில் ஊர்வலமா? பூசாரி இருக்காரு, மணி இருக்கு. சாமியத்தான் காணோம்.”

முதலில் சிரித்தது ஜின்யே. கழிவு வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தக்கூடக் கை இல்லாமல், கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். “அம்மா,” என்றாள், “அம்மா, நீங்க இருக்கீங்களே.” அப்புறம் சுன்மூ. அப்புறம் சந்து. கோ சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தார். கையிலிருந்த மணி குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது. பிங்யுவான் மட்டும், “யார் பாத்த வேல இது?” என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

“தலைவரக் கேளு” என்றேன்.

“வட்டத் தலைவரா? அவருக்கு எதுக்குப்பா இந்த வேல?”

அதோடு அவனுக்கே புரிந்துவிட்டது. காகிதக் குப்பையை மார்போடு அணைத்தபடி படிக்கட்டில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் சிரித்தது போல மூக்கால் சிரித்தான்.

உள்ளே போனதும் கோ கட்டையை எடுத்துச் சுன்மூவிடம் நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, ஜின்யே பக்கம் திருப்பினார். “நீ கேளும்மா.”

“நானா? மகனுங்கதானே கேக்கணும்...”

“மகனுங்க கேட்டாச்சு. எனக்கு நேரமாச்சு.”

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து முழங்கால் போட்டாள். இன்னும் சிரிப்பு அடங்கவில்லை, தோள் குலுங்கியது. சூப்பைப் பற்றிக் கேட்கவில்லை, குறையைப் பற்றிக் கேட்கவில்லை. “சிரிச்சு முடிச்சாச்சாம்மா? முடிச்சிட்டா வந்து உக்காருங்க. கால் வலிக்குது” என்று சொல்லிக் கட்டையைப் போட்டாள்.

ஒன்று தட்டை. ஒன்று உருண்டை.

இரண்டாம் தரம் போட்டாள். ஆமாம். மூன்றாம் தரம் போட்டாள். ஒரு கட்டை உருண்டையாக நடுக்கூடத்தில் படுத்துக்கொண்டது. மற்றது துள்ளி, மேசைத் துணிக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

“தொடாதீங்க, தொடாம பாக்கணும்” என்று கோ கத்தினார்.

அப்புறம் என்ன, எல்லாரும் தரையில் கவிழ்ந்தோம். சுன்மூ, நான், கோ, எல்லாருக்கும் தலை மேசைக்கு அடியில், மற்றதெல்லாம் போங்யோ படத்துக்கு நேராக. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. பிங்யுவான்தான் ஒல்லி, அந்த வெள்ளைச் சட்டையோடு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனான். கைப்பேசி வெளிச்சம் அடித்தான்.

“என்னடா?” என்றான் சுன்மூ.

உள்ளே வெளிச்சம் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போயிற்று.

“தட்டை,” என்றான் பிங்யுவான். தும்மினான். “தட்டைதான். ஆமாம்னு சொல்லிட்டாங்க, அண்ணி. உங்களுக்குத்தான் சொல்லிட்டாங்க.”

ஜின்யே எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் எல்லாரும் பார்க்கிற மாதிரி என் மூக்கைச் சிந்திக்கொண்டு, கோ பக்கம் திரும்பி, “சாம்பல எடுங்க, பொழுது போகுது” என்று அதட்டினேன்.

ஒரு பிடிச் சாம்பல் பெரிய கிண்ணத்துக்குள் போயிற்று. போங்யோ புருஷன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிங்யுவான் துணி வைத்த பெட்டியை மூடினான்.

பிறகு சாப்பாடு. கோவும் உட்கார்ந்துவிட்டார், அந்த இன்னொரு வீட்டுக்காரர்கள் காத்திருக்கட்டும், இந்தச் சூப்பின் வாசனையை விட்டுப் போக முடியாது என்றார். ஜின்யே எனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கூரையைப் பார்த்தேன்.

“விழுங்க முடியுது” என்றேன்.

“போங்க சின்னம்மா” என்று என் தோளில் ஒரு அடி வைத்தாள்.

அப்போது குப்பை வண்டிப் பாட்டு மறுபடியும் கேட்டது.

“வந்துட்டாருடா தலைவரு” என்று சுன்மூ இறாலை உரித்தான். “ஒரு வருஷத்துப் பாட்டையும் இன்னிக்கே பாடித் தீப்பாரு போல.” எல்லாரும் சிரித்தோம். “இன்னொரு தரம் ஓடறதுக்கு எங்கிட்ட செருப்பு இல்ல” என்றார் கோ. எதிர்வீட்டிலும் யாரோ, “போங்யோ பறவடீ, உக்காரு” என்று சொல்வது கேட்டது. பாட்டு நெருங்கி வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தள்ளித் தள்ளிப் போயிற்று.

தள்ளிப் போயிற்று. அதுதான் எனக்கு உறுத்தியது. கூண்டு எங்கே நகரும்?

பின்முற்றத்துக் கதவு திறந்துதான் இருந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே கூண்டு தெரிந்தது. தலைவர் கம்பியில் உட்கார்ந்திருந்தார். அலகு நிறையப் பப்பாளி. பாடுவது இருக்கட்டும், மூச்சு விடவே இடம் இல்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.

“சுன்மூ,” என்றேன். “அது வண்டிடா.”

நாற்காலிகள் விழுந்தன. ஓடி முனைக்குப் போனால், வண்டி அடுத்த தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. கோவின் ஸ்கூட்டர் மட்டும் கீறல் இல்லாமல் நின்றது. சந்து முழுக்க ஆளுக்கொரு பையோடு நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். மறுநாள் வண்டிக்கு விடுமுறை.

ஜின்யே நடந்து வந்து தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மாடத்துக்கு நேரே நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “நீங்க இப்பதான் உக்காந்தீங்க. அதுக்குள்ளயா?” என்றாள்.

சுன்மூ மீன் தலைப் பையை நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டினான். தம்பியிடம் கொண்டுபோய் நீட்டினான்.

“தைப்பேக்கு எதையாவது கொண்டுட்டுப் போணும்னு வந்தியே. இதக் கொண்டுட்டுப் போ. மெத்துமெத்துனு பெட்டி வேற வச்சிருக்க.”

அந்தப் பை இரண்டு நாள் எங்கள் பொதுச் சுவரோரம் கிடந்து நாறியது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?

இப்போது ஜின்யே தினம் ஒரு கீற்றுப் பப்பாளி வைக்கிறாள். எந்த நேரத்தில் வைக்கிறாள் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். நேற்று நான் தலைக்குச் சோப்புப் போட்டிருந்த நேரம் பார்த்து வைத்தாள்.

சரி, தோலையெல்லாம் கிண்ணத்தில் போட்டுவிட்டீர்களா? நல்லது. போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் சூப்பு ஆறாமல் இருக்கட்டும். நீங்கள் கேட்கிற கேள்விக்கு ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாகவே விழட்டும். நீங்கள் பையோடு முனைக்கு வந்து சேருகிற வரை வண்டிக்காரருக்கு ஏதாவது வேலை வரட்டும். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்தில், உங்களை ஓட வைத்துச் சிரிக்க ஓர் ஆள் நெடுங்காலம் இருக்கட்டும்.